உச்சிப்பொழுதில் ஒரு தனிமனிதன்

கௌபோய்ப் படம் என்றதுமே முகஞ்சுளிக்கும் இலக்கிய அன்பர்கள் நம்மிடையே பலர் உளர். குதிரை, துவக்கு, புழுதி, தவறணையிலே ஒரு கைகலப்பு, ஈற்றிலே தெருவின் நடுவில் இருவர் எதிரெதிர் நின்று சுட்டுக்கொள்ளுதல். இவ்வளவுதானே என்று அவர்கள் கேட்பார்கள். அவர்கள் கூறுவது முற்றும் பொய்யன்று. ஹொலிவூட் படநிறுவனங்கள் ஒரு காலத்தில் செங்கல் அறுப்பது போல இத்தகைய படங்களை அறுத்துத் தள்ளின. எனினும், பலர் கைபட்டுத் தேய்ந்த ஒரு வடிவத்தினுள்ளிருந்தே சில வேளைகளில் உயர்ந்த படைப்பொன்று பிறந்துவிடுவதுண்டு. பார்ப்போர் யாவருக்கும் வடிவம் பழக்கமானதாகையால், கலைஞன் அதில் செய்யும் சிறு மாற்றமும் பெரிதாகத் தெரியும்.

1952ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஹை நூன்' அத்தகைய படம். 'உச்சிப்பொழுது' என்று அதன் பெயரை நாம் தமிழாக்கிக்கொள்ளலாம். பிரெட் சின்னமன் நெறிப்படுத்தி, ஸ்ரான்லி கிறேமரின் நிறுவனம் தயாரித்து, கார்ல் போர்மன் திரைக்கதை எழுதிய இக்கறுப்பு வெள்ளைப் படம் 85 நிமிடம் ஓடுவது. ஜோன் கன்னிங்ஹாம் 1947இல் எழுதிய 'தகர நட்சத்திரம்' என்னும் சிறுகதை இதற்கு வித்தாயிற்று. சிறந்த நடிகர், படத்தொகுப்பு, இசை, பாடல் ஆகிய நான்குக்கும் ஒஸ்கார் பரிசுகள் கிடைத்தன. ஆனால் இதைப்பற்றி நான் எழுத முற்பட்டமைக்குக் காரணம் இந்தப் பரிசுகளல்ல. வாழ்க்கையின் இரு வேறு காலங்களில் இப்படத்தைப் பார்த்தேன். இரு முறையும் அது எனக்கு வேறு வேறு படமாகத் தோன்றிற்று. அதற்கு நியாயம் படத்தில் இருந்ததா, என்னில் இருந்ததா என்பதைச் சற்று ஆராய்ந்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

கதை

ஹட்லிவில் என்பது அமெரிக்க மேற்குப் பகுதியில் உள்ளதாகக் கற்பிக்கப்பட்ட ஒரு சிற்றூர். ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், ஊர்க் காவலதிகாரியான வில் கேன் மணம் புரிகிறான். மணமகள் ஏமி குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவள். துவக்குச் சூட்டிலே தந்தையையும் சகோதரனையும் பறிகொடுத்த பின், கொலை எந்தக் காரணத்துக்காகவும் ஆகாது என்று உறுதி பூண்டவள். அவளுக்காகவே கேன் பதவியைத் துறந்து, மார்பிலிருந்த தகர நட்சத்திரத்தைக் கழற்றி வைக்கிறான். புதிய அதிகாரி மறுநாள்தான் வருவான்.

அவ்வேளையிலே தந்தி வருகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் கேனாற் பிடிக்கப்பட்டுத் தண்டனை பெற்ற பிராங்க் மில்லர் என்ற கொடியவன் மன்னிப்புப் பெற்று விடுதலையாகிவிட்டான். நண்பகற் புகையிரதத்தில் வருகிறான். அவனுடைய கூட்டாளிகள் மூவர் நிலையத்தில் காத்திருக்கின்றனர். நண்பர்கள் மணமக்களை வண்டியிலேற்றி விரட்டாத குறையாக அனுப்பிவைக்கின்றனர். ஊரெல்லை தாண்டிச் சற்றுத் தூரம் போனதும் கேன் வண்டியைத் திருப்புகிறான். ஓடினால் வாழ்நாள் முழுவதும் ஓட நேரும் என்பது அவன் எண்ணம். "நீங்கள் இங்கு நின்றால் அந்தப் புகையிரதத்தில் நான் போய்விடுவேன்" என்பது மனைவியின் முடிவு.

இதன் பின் படம் முழுவதும் ஒரே செயல்தான். கேன் துணைக்கு ஆள் தேடுகிறான், கிடைக்கவில்லை. துவக்குச் சண்டை படத்தின் கடைசிச் சில நிமிடங்களில் மட்டுமே வருகிறது. கௌபோய்ப் படத்தின் உயிர் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்த ஒன்றை ஈற்றுக்குத் தள்ளிவிட்டு, அதற்கு முன்னுள்ள காத்திருப்பையே கதையாக்கிய துணிவு மெச்சத்தக்கது.

காலமும் கமராவும்

படத்திலே கழியும் காலமும் பார்வையாளருக்குக் கழியும் காலமும் ஏறக்குறைய ஒன்றே. காவல் நிலையத்திலும் தவறணையிலும் விடுதியிலும் சுவர்க் கடிகாரங்கள் மீண்டும் மீண்டும் காட்டப்படுகின்றன. சின்னமன் மூன்று பொருள்களைக் கொண்டு இப்படத்தைக் கட்டினார். அசையாது கிடக்கும் தண்டவாளம் ஒன்று. ஓயாது அலையும் கேனின் கறுத்த உருவம் ஒன்று. நேரம் நெருங்க நெருங்கப் பெரிதாகிவரும் கடிகாரம் ஒன்று. அடிவானம் வரை நீண்டு செல்லும் அந்தத் தண்டவாளத்தைக் காணுந்தோறும் நமக்கு நெஞ்சு பதைக்கிறது. ஆபத்து இன்னும் வரவில்லை. ஆனால் அது வரும் வழி கண்முன்னே கிடக்கிறது.

இக்காட்சியைப் பற்றி ஒரு செய்தி உண்டு. வண்டி வருவதைப் படமாக்கச் சின்னமனும் ஒளிப்பதிவாளர் புளொயிட் குறொஸ்பியும் தண்டவாளத்தின் மேலேயே கமராவுடன் படுத்திருந்தனர். தூரத்தே எழுந்த வெண்புகை கரும்புகையாக மாறியது. அழகாயிருக்கிறதென்று அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தடை வேலை செய்யவில்லை என்பதற்கு அஃது அடையாளம் என்பதை அவர்கள் அறியார். கடைசிக் கணத்தில் அவர்கள் தப்பினர், கமரா நொறுங்கியது. அதனுள் இருந்த சுருள் பிழைத்து, படத்தில் இன்றும் இருக்கிறது.

அக்காலத்து கௌபோய்ப் படங்களிலே வானத்தை அழகுபடுத்திக் காட்டுவதற்காகக் கமராவில் வடிகண்ணாடி பொருத்துவது வழக்கம். குறொஸ்பி அதை விலக்கினார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது மத்தியூ பிறேடி எடுத்த பழைய நிழற்படங்களே அவருக்கும் சின்னமனுக்கும் முன்மாதிரி. ஆதலால் இப்படத்தின் வானம் முகிலற்று, வெளிறி, இரக்கமின்றிக் காய்கிறது. கேனாக நடித்த கரி கூப்பருக்கு அப்போது வயது 50. குடற்புண்ணும் முதுகு நோவும் அவரை வாட்டின. ஒப்பனையால் மறைக்கப்படாத அந்த நோவு, முகத்தின் ஒவ்வொரு ரேகையிலும் கேனின் நோவாகவே படிந்துவிட்டது. வீரனின் முகத்தில் அச்சத்தைக் காட்டுவது அந்நாளைய கௌபோய்ப் படத்தில் அரிது. கேனோ ஓரிடத்தில் மேசையிலே தலையைக் கவிழ்த்து அழுகிறான்.

நண்பகலாகிறது. நாம் சந்தித்த ஒவ்வொருவரின் முகமும் ஊசலின் தாளத்துக்கு ஏற்ப அடுத்தடுத்துத் தோன்றி மறைகிறது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் மில்லர் அமர்ந்து, திரும்பி வந்து கொல்வேன் என்று சூளுரைத்த வெறுங் கதிரையும் தோன்றுகிறது. புகையிரதம் கூவுகிறது. பின்னர் கேன் தெருவில் தனித்து நிற்கையில், கமரா மெல்ல மேலே மேலே எழுந்து, அடைத்த கதவுகளும் ஆளற்ற வீதியுமாக முழு ஊரையும் காட்டுகிறது. ஒரு சொல்லும் இல்லாமல், அதுவரை ஊரார் சொன்ன அத்தனை சொற்களின் பொருளையும் அந்த ஒரு காட்சி உணர்த்திவிடுகிறது.

மறுத்தவர்கள்

யார் யார் எப்படி மறுத்தார்கள் என்பதில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. மில்லருக்குத் தண்டனை விதித்த நீதவான் முதலில் புறப்படுகிறார். சுவரிலிருந்த தேசியக் கொடியை மடித்து, நீதித் தராசையும் சட்டப் புத்தகத்தையும் பையிலிட்டுக்கொண்டே, பண்டைய ஏதென்ஸ் நகரத்தார் தாம் துரத்திய கொடுங்கோலனுக்குத் தாமே கதவு திறந்துவிட்ட கதையைக் கேனுக்குச் சொல்கிறார். சரித்திரம் கற்றவர், சரித்திரத்திலிருந்து அவர் கற்றது விரைவாகக் குதிரையேறுவதை மட்டுமே.

உதவி அதிகாரி ஹார்வி, பதவி உயர்வுக்குச் சிபாரிசு செய்தால் நிற்பேன் என்கிறான். சாம் புல்லர் என்ற நண்பன் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு, தான் இல்லையென்று மனைவியைப் பொய் சொல்ல வைக்கிறான். முன்னாள் அதிகாரியும் கேனுக்கு ஆசானைப் போன்றவருமான மார்ட்டின் ஹோவுக்கு வாதநோயாற் கைகள் முறுகிவிட்டன. தாம் வந்தால் கேனுக்குச் சுமையே என்கிறார். ஹேர்ப் பேக்கர் என்பவன் தானாகவே வந்து பெயர் கொடுத்தவன். வேறெவரும் சேரவில்லை என்று அறிந்ததும், மனைவி மக்களை நினைத்துப் பின்வாங்குகிறான். விடுதி எழுத்தனுக்கோ மில்லர் இருந்த காலத்தில் வியாபாரம் நன்றாக நடந்தது. முன்வருவோர் இருவர்தாம்: ஒற்றைக் கண்ணனான ஒரு குடிகாரன், பதினாறு வயது என்று பொய் சொல்லும் பதினான்கு வயதுச் சிறுவன். இருவரையும் கேன் திருப்பியனுப்பிவிடுகிறான்.

இவையனைத்துக்கும் சிகரம் தேவாலயக் காட்சி. வழிபாட்டின் நடுவில் கேன் உள்ளே வந்து உதவி கேட்கிறான். சிலர் எழுகின்றனர். உடனே ஒருவர், இது கேனுக்கும் மில்லருக்கும் இடையிலுள்ள சொந்தப் பகை என்கிறார். இன்னொருவர், காவலுக்கென்று நாம் வரி கட்டவில்லையா என்று கேட்கிறார். விவாதத்துக்கு வசதியாகப் பிள்ளைகள் வெளியே அனுப்பப்படுகின்றனர். ஒரு பெண்மணி எழுந்து, பகலிலே பெண்கள் அச்சமின்றித் தெருவில் நடக்க வழிசெய்தவன் யார் என்று ஆடவரை இடித்துரைக்கிறாள். பாதிரியார், கொலை செய்யாதே என்று கட்டளை கூறுகிறது, ஆயினும் கொல்வதற்கு ஆள் வைத்திருக்கிறோம் என்று குழம்பி அமர்கிறார். ஈற்றில் கேனின் நெருங்கிய நண்பரான நகரபிதா ஹெண்டர்சன் பேசுகிறார். தோமஸ் மிச்செல் என்ற பெருநடிகரின் திறமை முழுவதும் இந்தச் சில நிமிடங்களில் தெரிகிறது. கேனைப் போல ஒரு நல்லவன் இல்லை என்று அவர் தொடங்குகிறார். சபை தலையசைக்கிறது. நாமும் நம்பிக்கை கொள்கிறோம். வடக்கிலே உள்ள செல்வர்கள் இவ்வூரில் முதலிட எண்ணியிருக்கிறார்கள். கடைகளும் தொழிற்சாலைகளும் வரவிருக்கின்றன. தெருவில் இரத்தம் சிந்தினால் அவை வாரா. ஆகவே கேன் ஊரை விட்டுப் போவதே ஊருக்கும் அவனுக்கும் நன்று என்று முடிக்கிறார். புகழுரையாகத் தொடங்கியது கைவிடும் தீர்மானமாக முடிகிறது. ஒருவரும் கெட்ட சொல் ஒன்றும் கூறவில்லை.

இரு பார்வைகள்

மாணவப் பருவத்தில் முதன்முறை இதைப் பார்த்தபோது அந்த ஊராரை நான் வெறுத்தேன். கோழைகள் என்ற ஒரு சொல்லில் அவர்களை அடக்கிவிட்டு, கேனின் பக்கத்தில் நிற்பவனாக என்னைக் கருதிக்கொண்டு எழுந்து போனேன். பார்வையாளர் அனைவரும் அப்படித்தான் கருதிக்கொள்வர் போலும்.

அமெரிக்க விமர்சகர் றொபேட் வார்ஷோ 1954இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலே இப்படத்தின்மீது சாட்டிய குறையும் இதையொட்டியதே. ஊரார் அனைவரையும் இழிந்தோராகக் காட்டி வீரனை உயர்த்துவது மலிவான உத்தி என்பது அவர் கருத்து. பிரெஞ்சு விமர்சகர் அந்திரே பசான், தன் இயல்பான வடிவத்தில் மட்டும் நிற்க நாணி, வெளியிலிருந்து ஒரு கருத்தைச் சுமந்து வரும் புதுவகைப் படங்களில் இதையும் ஒன்றாக எண்ணினார். நெறியாளர் ஹவார்ட் ஹோக்ஸுக்கோ, காவலதிகாரி ஒருவன் வீடு வீடாகப் போய் உதவி கேட்பதே பிடிக்கவில்லை. 1959இல் அவர் எடுத்த 'றியோ பிராவோ' இதற்கு மறுமொழியாக அமைந்தது. அதில் நாயகனாக நடித்த ஜோன் வெயின், 1971இல் அளித்த நேர்காணலொன்றில் 'ஹை நூன்' அமெரிக்க உணர்வுக்கே மாறான படம் என்று சாடினார். 1953இல் கூப்பர் வராதபோது அவருடைய ஒஸ்கார் பரிசை மேடையில் ஏற்றுக்கொண்டவரும் அதே வெயின்தான்.

வார்ஷோவின் குற்றச்சாட்டை நானும் நெடுங்காலம் ஒப்பியிருந்தேன். பின்னர் என் வாழ்வில் ஒரு சம்பவம் நிகழ்ந்தது. நான் படிப்பித்த பாடசாலையொன்றில், செல்வாக்குள்ள ஒருவரின் பிள்ளைக்காகப் புள்ளிப் பட்டியலைத் திருத்துமாறு சக ஆசிரியர் ஒருவர் வற்புறுத்தப்பட்டார். அவர் மறுத்தார். ஆசிரியர் கூட்டத்தில் விடயம் வந்தபோது, அவர் மேல் வேறு குற்றங்கள் சுமத்தப்பட்டன. அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஊருக்குக் கிட்டிய பாடசாலைக்கு இடமாற்றம் கேட்டு நான் கொடுத்த விண்ணப்பம் அந்த வாரம் மேலிடத்தில் இருந்தது. வீட்டில் நோயுற்ற தாயார். காரணம் பொய்யன்று. நான் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடமாற்றம் எனக்குக் கிடைத்தது. அவருக்கும் கிடைத்தது, தொலைதூரத்துக்கு.

சில ஆண்டுகளின் பின் இப்படத்தை மீண்டும் பார்த்தேன். தேவாலயக் காட்சி வந்தபோது, எனது ஆசனம் எதுவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றுதான் வார்ஷோ கூறியது சரியன்று என்று உணர்ந்தேன். போர்மனும் சின்னமனும் அவ்வூராரை இழிந்தோராகக் காட்டவில்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு நியாயத்தைக் கொடுத்திருக்கிறார்கள். ஹேர்ப் பேக்கரின் பிள்ளைகள் மெய்யானவர்கள். ஹோவின் வாதநோய் மெய்யானது. ஊருக்கு வரவிருக்கும் தொழிற்சாலையும் மெய்யாக இருக்கலாம். தனித்தனியே எடுத்தால் எவரையும் கழுவிலேற்ற முடியாது. நியாயங்களையெல்லாம் ஒன்றாகக் கூட்டினால் வருவது அந்த வெறுந்தெரு. இதைச் சொல்லத் தீயோர் நிறைந்த ஊர் தேவையில்லை. நம்மைப் போன்றோர் வாழும் ஊரே போதும்.

எழுதியவரின் நண்பகல்

இந்த உண்மையைத் திரைக்கதாசிரியர் எங்கே கற்றார் என்பது தனிக்கதை. கார்ல் போர்மன் ஒரு காலத்தில் அமெரிக்க கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்து பின் விலகியவர். அந்நாட்களில் அமெரிக்கச் சட்டசபையின் விசாரணைக் குழுவொன்று படத்துறையினரை அழைத்து, பழைய தோழர்களின் பெயர்களைக் கூறுமாறு கேட்டு வந்தது. கூறாதோருக்குத் தொழில் இல்லை. இக்கதையை எழுதிக்கொண்டிருக்கையிலேயே போர்மனுக்கும் அழைப்பு வந்தது. 1951 செப்டெம்பரில், படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த வேளையில், அவர் குழுமுன் தோன்றிப் பிறர் பெயர்களைக் கூற மறுத்தார். நெடுநாட் கூட்டாளியான கிறேமர் உறவை முறித்துக்கொண்டார். கூப்பர் அரசியலில் பழமைவாதி. ஆயினும் போர்மனுக்கு ஆதரவாக நின்றார். பின்னர் பல பக்க நெருக்குதலால் அவருடன் தொடங்கவிருந்த தொழிலிலிருந்து விலகினார். நண்பர்கள் தெருவில் கண்டும் காணாமற் போயினர். தம்மிடம் மெய்யாகவே சொல்லப்பட்ட வார்த்தைகள் திரைக்கதையில் ஏறின என்று போர்மன் பிற்காலத்தில் கூறினார்.

சின்னமன் இதை அரசியல் உருவகமாகக் கொள்ள இசையவில்லை. மனச்சான்றின்படி முடிவெடுக்க நேர்ந்த ஒரு மனிதனின் கதை என்பதே அவர் நிலை. வியன்னாவில் வளர்ந்த யூதர் அவர். பெற்றோரை நாசிகளின் படுகொலையில் இழந்தவர். அக்கம்பக்கத்தார் கதவடைப்பதன் பொருளை அவர் வேறு வழியில் அறிந்திருந்தார். இருவர் கூற்றும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல.

போர்மன் இங்கிலாந்து சென்றார். அங்கிருந்து அவர் எழுதிய ஒரு திரைக்கதை நம் நாட்டுக்கு வந்தது என்பது வாசகர் பலர் அறியாத செய்தி. களனி கங்கைக் கரையில் கித்துள்கலையில் பாலம் கட்டி வெடிவைத்துத் தகர்த்தார்களே, அந்த 'குவாய் நதிப் பாலம்' என்ற 1957ஆம் ஆண்டுப் படத்தின் திரைக்கதையில் முதற்கை போர்மனுடையது. அவரைப் போலவே விலக்கப்பட்ட மைக்கல் வில்சன் அதைச் செப்பனிட்டார். இருவர் பெயரும் திரையில் இல்லை. திரைக்கதைக்கான ஒஸ்கார், மூலநாவலை எழுதிய பிரெஞ்சுக்காரரின் பெயருக்குப் போயிற்று. 1980களின் நடுப்பகுதியிலேதான் பரிசு உரியவர்களுக்கென்று ஏற்கப்பட்டது. அதற்குள் இருவருமே இறந்துவிட்டனர்.

கேனின் நட்சத்திரமும் அமெரிக்க எல்லைக்குள் நிற்கவில்லை. 1989 யூன் 4ஆம் தேதி நடந்த போலந்துத் தேர்தலுக்காகச் சொலிடாரிட்டி இயக்கத்தார் ஒட்டிய சுவரொட்டியில், தெருவில் நடந்துவரும் கூப்பரின் உருவம் இருந்தது. அவருடைய கையில் துப்பாக்கிக்குப் பதிலாக வாக்குச் சீட்டு.

குறையும் நிறைவும்

படத்தில் குறையே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. இருபத்தொரு வயதுக் கிறேஸ் கெலியைக் கூப்பருக்கு மனைவியாக்கியது பொருத்தமாக இல்லை. இன்னொன்று இதனினும் பெரிது. வெடிச்சத்தம் கேட்டதும் ஏமி வண்டியிலிருந்து இறங்கி ஓடிவருகிறாள். கணவனைக் காக்கத் துவக்கெடுத்து ஒருவனை முதுகிற் சுட்டு வீழ்த்துகிறாள். கொலை ஆகாது என்ற அவளது கொள்கையை அதுவரை மதிப்புடன் நடத்திய படம், அதை ஒரு நொடியில் உதறிவிடுகிறது. அவளுடைய இழப்பை எண்ணிப் பார்க்கப் படத்துக்கு நேரமில்லை. அவளுக்கு நேரெதிராக நிற்கும் ஹெலன் ராமிரெஸ் என்ற மெக்சிக்கோப் பெண் பாத்திரமோ முழு நிறைவு பெற்றது. கேட்டி ஹுராடோவின் அந்த நடிப்புக்குக் கோல்டன் குளோப் பரிசு கிடைத்தது. ஊரில் அயலவளாக வாழ்ந்தவள் அவள். கேன் செத்தால் ஊரும் செத்துவிடும் என்பதை நகரபிதா உணரவில்லை, அவள் உணர்கிறாள்.

சண்டை முடிகிறது. மில்லரும் மூவரும் இறந்து கிடக்கின்றனர். அதுவரை அடைத்திருந்த கதவுகளெல்லாம் திறந்து, ஊரார் திரண்டு வந்து சூழ்கின்றனர். கேன் அவர்களைப் பார்க்கிறான், பேசவில்லை. மார்பிலிருந்த நட்சத்திரத்தைக் கழற்றிப் புழுதியிலே போடுகிறான். அதை அவன் காலால் மிதித்ததாக வெயின் பிற்காலத்தில் கூறினார். அப்படி ஒன்றும் படத்தில் இல்லை. கைவிட்டதோடு சரி.

அந்தக் கூட்டத்தின் நடுவே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துபவன், வயதைக் கூட்டிச் சொல்லித் துணைக்கு வந்த அதே சிறுவன். ஊரிலே ஒருவனுக்கு மட்டும் கேனின் கண்களில் ஒரு கனிவு தெரிகிறது. தேவாலயத்தில் விவாதத்துக்கு முன் பிள்ளைகளை வெளியே அனுப்பிய காட்சி அப்போது எனக்கு நினைவுக்கு வரும். பெரியவர்கள் என்ன பேசினார்கள் என்பதைப் பிள்ளைகள் கேட்கவில்லை. ஆனால் யார் தெருவில் நின்றார், யார் கதவடைத்தார் என்பதை அவர்கள் கண்டிருப்பார்கள்.

வகுப்பறைக்குள் போகும்போதெல்லாம் இதை நான் நினைப்பதுண்டு. அந்தக் கூட்டம் நடந்த வாரத்திலும் நான் என் மாணவர்களுக்குப் பாடம் நடத்தினேன். புள்ளிப் பட்டியலைத் திருத்த மறுத்த ஆசிரியர் ஏன் வரவில்லை என்று ஒரு மாணவன் எழுந்து கேட்டான். அவருக்கு இடமாற்றம் என்று சொன்னேன். அவன் மேலும் ஒன்றும் கேட்காமல் அமர்ந்துகொண்டான்.